வெயிலில் வைத்த பெட்டி

அந்தக் கெளுத்தி இன்னும் சாகவில்லை. முள்ளை ஒடித்தாயிற்று, தலையில் இரண்டு தட்டுத் தட்டியாயிற்று, சாம்பலைக் கொட்டித் துவைக்கிற கல்லில் வைத்து நாலு தேய்ப்பும் தேய்த்தாயிற்று; ஆனாலும் பூங்காவனத்தின் விரலிடுக்கில் அது வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, எதையோ சொல்ல வந்து வார்த்தை அகப்படாத மாதிரி. சொல்லித் தொலையேன் சனியனே, என்று மனோரஞ்சிதத்துக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொல்லைக் கதவில் சாய்ந்து மூக்கில் முந்தானையை அழுத்திக்கொண்டு நின்றவளுக்கு, மீனைச் சொன்னோமா வேறு யாரையாவது சொன்னோமா என்று ஒரு கணம் துணுக்கென்றது. கூடத்துக் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்கு மீட்டிங். ஐம்பது நிமிஷம். ஐம்பது நிமிஷத்தில் ஒரு கிலோ கெளுத்தியை ஆய்ந்து, கழுவி, குழம்பும் வைத்துவிடலாம். ஐம்பது நிமிஷத்தில் ஒரு போன் பேச முடியாதா? பேசலாம். பேசாமலும் இருக்கலாம். "என்னாம்மா மூக்கப் புடிச்சிக்கினு நிக்கிற, திங்கும்போது மட்டும் மணக்குமா?" என்றாள் பூங்காவனம், நிமிராமலே. "உன் வேலையைப் பாரு. கல்லெல்லாம் எச்சிலாட்டம் ஒழுகுது. சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் போகணும்." "கழுவறேன், கழுவறேன். போன வாரமும் கழுவுனேன். நான் போனப்புறம் நீ மூணு தபா கழுவுன. எனக்குத் தெரியாதா?" வாரத்தில் இரண்டு நாள் வடக்கேரியிலிருந்து கூடையோடு வருகிறவள். ஏரி மீனை விற்று, விற்ற மீனை உட்கார்ந்து ஆய்ந்தும் கொடுத்துவிட்டுப் போவாள். முப்பத்தைந்து வயசிருக்கும். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. வடக்கேரி. காலையிலிருந்து அந்த ஊர்ப் பெயர் மனோரஞ்சிதத்தின் தொண்டையில் குறுக்கே நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, கக்கவும் முடியவில்லை.

காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே அவர்தான் ஆரம்பித்தார். "வடக்கேரியை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவாங்க போல இருக்கு மனோ." அவர் என்றால் தெய்வசிகாமணி, அவளுடைய வீட்டுக்காரர், இருபத்தெட்டு வருஷமாக அரசாங்கத்துக்குக் கொசு பிடித்துக் கொடுக்கிறவர். இந்த வருஷம் ஏரிக்கரைக் கிராமங்கள் ஐந்தில் கொசுவும் பிடித்தார்கள், கொக்கும் பிடித்தார்கள். குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் கொண்டுவருகிற வைரஸ் அதுகளிடம் இருக்கிறதா என்று பார்க்க. எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மழைக்கு முன்னாலேயே தடுப்பூசி. மற்ற ஊர்களுக்கு, வரும்போது வரும். வடக்கேரியில் பிடித்த கொக்கின் ரத்தத்தில் அந்த நோய் வந்து போன தடயம் இருக்கிறதாம். ஆனால் அதே ஏரிக்கரையில் பிடித்த கொசு, குப்பிக்கு ஐம்பது வீதம் நாற்பத்திரண்டு குப்பி, ஒன்றில்கூட ஒன்றும் இல்லையாம். "ஒண்ணுல கூடவா?" என்று கேட்டாள், எதற்கோ. "ஒண்ணுல கூட. அதான் எனக்குப் புரியல. கொக்கு இருக்கு, பன்னி இருக்கு, தண்ணி நிக்கிற வயல் இருக்கு, கொசு மட்டும் யோக்கியமா இருக்குமா? டைரக்டர் சொல்றாரு, கொக்கு எங்கேயோ வாங்கிக்கிட்டுப் பறந்து வந்திருக்கு, அந்த ஊர்க் கொசு சுத்தம், பன்னிரண்டு மணி மீட்டிங்ல பேரை அடிச்சிடலாம்னு." அப்போது அவள் என்ன செய்திருக்க வேண்டும்? கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னங்க, என்று ஒரு வார்த்தை ஆரம்பித்திருந்தால் போதும். அவள் செய்தது என்ன? "கெட்டிச் சட்னி இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டாள். அவரும் வைக்கச் சொல்லித் தட்டை நீட்டினார். பச்சையாய், தேங்காய் எண்ணெய் மினுங்க அது தட்டில் போய் உட்கார்ந்தது. ஒரு மனுஷி இப்படிக்கூட இருப்பாளா? இருப்பாள். நிற்கிறாளே கொல்லைக் கதவில், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

எல்லாவற்றுக்கும் அந்த உத்தியோகம்தான் காரணம் என்று கோபத்தைத் திருப்பிப் பார்த்தாள். கோபம் இஷ்டப்பட்டுத் திரும்பியது. அதற்குப் பழகின பாதை. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை சுகாதாரத் துறையில் இருக்கிறார் என்றார்கள். சுகாதாரமாம். கன்னிமாடத்துப் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் விடுதியில் இருந்து, நகத்தைத் தினமும் நீட்டிக் காட்டி வளர்ந்தவளுக்கு அந்த வார்த்தையே டெட்டால் போட்ட மாதிரி இருந்தது. கல்யாணம் ஆகி மூன்றாம் மாதம்தான் சம்பளச் சீட்டைப் பார்த்தாள்: பூச்சி சேகரிப்பாளர். அன்றைக்கு அவர் வேலை செய்கிற லட்சணத்தையும் பார்த்தாள். ஒரு கண்ணாடிக் குழாய், அதன் வாலில் ரப்பர் குழாய், ரப்பர் குழாயின் முனை இவர் வாயில். மாட்டுக்கொட்டகைச் சுவரில் கொசு உட்கார்ந்திருக்கும். டார்ச்சை அடித்து, கண்ணாடியை மெதுவாய்க் கொண்டுபோய், சர்ரென்று ஓர் உறிஞ்சு. கொசு உள்ளே. மறுபடி ஓர் உறிஞ்சு. இன்னொன்று. சாயங்காலம் முழுக்க இதே. "நடுவுல வலைத்துணி இருக்கு மனோ, வாய்க்கு வராது" என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவை வந்துவிட்டது. துணி கிழிந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார், என்னவோ விருந்தில் எலும்பைக் கடித்த மாதிரி. அவளுடைய தலையணை அன்றைக்குக் கூடத்துக்குப் போய் ஒரு மாதம் திரும்பவில்லை. அப்புறம் திரும்பியது என்றாலும், அவர் முகம் கிட்டே வரும்போதெல்லாம் மாட்டுக்கொட்டகைச் சுவர்தான் கண்ணுக்குத் தெரியும். அவர் உதட்டில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை, பாவம், வந்ததும் வராததுமாய்ப் பல் தேய்க்கிற மனுஷன். "பொம்பளைக் கொசுதான் கடிக்கும். ஆம்பளைக் கொசு பூவுல தேனைக் குடிச்சிட்டுக் கிடக்கும்" என்று ஒரு நாள் பாடம் நடத்தினார். "இங்க மட்டும் என்ன வாழுதாம்" என்றாள். அவர் சிரித்தார். எதற்கும் சிரிப்பு. வாழ்நாளில் ஒரு தடவையாவது கத்தியிருந்தால் இன்றைக்கு அவளுக்கு வாய் வந்திருக்குமோ என்னவோ.

"இந்தா, இது பொட்டை, வயித்துல சினை இருக்குது, தனியா வைக்கட்டுமா?" பூங்காவனம் கெளுத்தியின் வயிற்றைக் கீறிக் காட்டினாள். மஞ்சள் மணிகள் சவ்வுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பளபளத்தன. "தூர எறி." "எறியவா? அதான் ருசியே! நான் எடுத்துக்கறேன், எம் பொண்ணு செவ்வந்தி இதுன்னா உசுர உடுவா." எடுத்து ஓர் இலையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இடுப்பில். ஈரத்தோடு. மனோரஞ்சிதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வடக்கேரி ஏரி. போன தை மாதம் அந்த ஏரிக்கு இவளைக் கூட்டிப்போனதும் அந்த மனுஷன்தான், பறவை பார்க்கலாம் வா, டூர் மாதிரி இருக்கும் என்று. தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஏரிக்கு நடுவில் கருவேல மரங்கள் வெள்ளை வெளேரென்று பூத்த மாதிரி. கிட்டே போகப் போகப் பூ நாறியது. மீன் அழுகி, அதன் மேல் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, வெயிலில் காய வைத்தால் எப்படி நாறும், அப்படி. மரத்தடியில் கால் வைத்ததும் மேலேயிருந்து குஞ்சுகள் பயத்தில் வாந்தி எடுத்தன, பாதி செரித்த மீன் பொத்துப் பொத்தென்று விழுந்தது. ஒரு கிளையில் செத்த குஞ்சு ஒன்று கழுத்து தொங்கக் கிடந்தது; அதை மிதித்துக்கொண்டே தாய் அடுத்த குஞ்சுக்கு ஊட்டியது. பறவை டாக்டர் ஒருவர் வலையில் சிக்கிய வக்கா என்கிற ராக்கொக்கு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். சிவப்புக் கண். ராத்திரியெல்லாம் முழித்த குடிகாரன் கண் மாதிரி. இறக்கையை விரித்து, ஸ்பிரிட்டால் இறகை ஒதுக்கி, அடியில் ஓடிய நீல நரம்பில் ஊசியைச் செருகினார். அது கத்தவில்லை; இவளையே பார்த்தது. ரத்தக் குப்பியைக் குளிர்ப்புகை கக்குகிற ஒரு பெரிய கேனுக்குள் இறக்கி மூடினார் டாக்டர். "இந்தப் பறவைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள், பேச்சுக்கு. "ஒண்ணும் ஆகாது மேடம். வைரஸைச் சுமக்கும், அவ்வளவுதான். கொசுவுக்கும் ஒண்ணும் ஆகாது. பன்னிக்குக் குட்டி கலையும், பெரிசா ஒண்ணும் ஆகாது. குழந்தைக்குத்தான்." குழந்தைக்குத்தான். அதோடு அவர் நிறுத்திவிட்டார். என்ன ஆகும் என்று இவளும் கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தலைக்கு மூன்று தரம் குளித்தாள்.

ஆனால் டாக்டர் கேன் டாக்டர் கேன்தான். ரத்தம் அதில் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தது. கொசுதான் இந்த வீட்டுக்கு வந்தது. ஏன் வந்தது? ஆபீஸில் இருக்கிற பெரிய ஃப்ரீசர் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் உயிரை விட்டது, ரிப்பேர்காரன் திங்கள்தான் வருவேன் என்றான், லேபுக்குப் போகிற வண்டியும் திங்கள்தான். இந்த மனுஷன் ஒரு தெர்மாகோல் பெட்டியில் நாற்பத்திரண்டு குப்பியை அடுக்கி, ஐஸ் போட்டு, வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது என்று விதி. அவருக்கும் தெரியும். "ரெண்டு நாள்தான் மனோ. தொடாதே. சில்லுன்னு இருக்கணும், அது ஒண்ணுதான்." ஃப்ரீசரில், துருவின தேங்காய் டப்பாவுக்குப் பக்கத்தில், அவள் பட்டாணிப் பொட்டலத்தின் மேல் அதை வைத்தார். மேல்! அவர் மறுநாள் விடிந்ததும் டாக்டரோடு கொக்குப் பிடிக்கப் போய்விட்டார். மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் இந்த வீட்டில் ஃப்ரிட்ஜை நிறுத்தி, ஐஸ் உருக்கி, தட்டுத் தட்டாய் வெளியே எடுத்து, எலுமிச்சையும் சோடா உப்பும் போட்டுத் துடைக்கிற நாள். உலகம் புரண்டாலும் அது நடக்கும். அவளுடைய மாமியார் செத்த சனிக்கிழமைகூட, எடுத்துக்கொண்டு போனபிறகு நடந்தது. விடுதியில் சிஸ்டர் பெனடிக்டா சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வருவார். அலமாரி உச்சியில், ஜன்னல் கம்பியில், டிரங்குப் பெட்டி அடியில் இழுப்பார். கைக்குட்டை கறுத்தால் அந்தப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதி இல்லை. முப்பத்தைந்து வருஷம் ஆகிறது, சிஸ்டர் மண்ணுக்குள் போய்விட்டார், கைக்குட்டை மட்டும் இன்னும் இவள் வீட்டில் இழுத்துக்கொண்டேயிருக்கிறது. அந்தப் பெட்டியை விட்டுவிட்டுத் துடைத்திருக்கலாம். அந்த வாரத்தை அப்படியே விட்டிருக்கலாம். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கலாம். ஒரு வாளியில் ஐஸ் போட்டு அதற்குள் இறக்கியிருக்கலாம். எத்தனை லாம்! அவள் இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கிவந்து இதே துவைக்கிற கல்லில் வைத்தாள். பங்குனி வெயில். மணி பத்தரை.

அப்புறம் துடைத்தாள். அப்புறம் தங்கை போன் செய்தாள், மருமகளைப் பற்றி முக்கால் மணி நேரம். அப்புறம் சாப்பிட்டாள், கண் அசந்தது. மூன்றே காலுக்கு விழித்துக் கொல்லைக்கு வந்தால் கல் மேல் வெள்ளையாய் அது உட்கார்ந்திருக்கிறது. தொட்டாள். சுட்டது. மூடியைத் திறந்தாள், வாழ்க்கையில் முதல்முறையாக. ஐஸ் எல்லாம் வெந்நீராகியிருந்தது. குப்பிகள் அதில் சாய்ந்து மிதந்தன, ஒவ்வொன்றின் அடியிலும் காலும் இறக்கையுமாய் ஒரு சிட்டிகைக் கறுப்பு. தண்ணீரைக் கொட்டினாள். துடைத்தாள். புது ஐஸ் போட்டு அதே இடத்தில், பட்டாணிப் பொட்டலத்தின் மேலேயே வைத்தாள், அவர் வைத்த கோணம்கூட மாறாமல். அந்தக் கோணம். அதுதான் இப்போது மூன்று வாரம் கழித்துக் கழுத்தைப் பிடிக்கிறது. தெரியாமல் செய்தவள் கோணத்தைப் பார்ப்பாளா? செத்த கொசுவுக்கு வெயில் அடித்தால் என்ன, குளிர் அடித்தால் என்ன என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் எப்போதோ ஒரு நாள், அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, அவர் சொல்லியிருக்கிறார்: சூடு பட்டால் உள்ளே இருக்கிறது சிதைந்துபோகும், அப்புறம் எந்த மெஷினில் வைத்தாலும் இல்லை என்றுதான் காட்டும். காதில் வாங்கினாளா? வாங்கினாள். வாங்கவில்லை. கீரையைத்தான் பார்த்தாள். கீரையைப் பார்த்துக்கொண்டே வாங்கினாள். சரி, ஒருவேளை அந்தக் கொசுவில் உண்மையாகவே ஒன்றும் இல்லாமல் இருந்திருந்தால்? இருந்திருக்கலாம். இப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்கிற வழியை அவள் வெயிலில் காய வைத்துவிட்டாள். அதோடு இன்னொன்று: சொன்னால் அவருக்கு மெமோ. வீட்டுக்கு ஏன் எடுத்துப் போனாய் என்பார்கள். ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம். ஆகையால் புருஷனைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு அழகான காரணம், மஞ்சள் குங்குமம் வைத்த காரணம். அதை ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். கருவாட்டு நாற்றம் அடித்தது.

கருவாடு. ஸ்டெல்லா. இந்தப் பெயர் ஏன் இப்போது வருகிறது? எட்டாம் வகுப்பில் அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு, மூன்று சுற்றுக் காகிதத்தில், மனோரஞ்சிதத்தின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. நாலாவது நாள் ஹால் முழுக்க நாறியது. சிஸ்டர் எந்தப் பெட்டியையும் திறக்கவில்லை. நேரே ஸ்டெல்லா கட்டிலுக்கு முன்னால் போய் நின்றார். ஸ்டெல்லா கடற்கரைப் பெண். அவள் அப்பா கட்டுமரக்காரர். நாற்றம் வேறு எங்கேயிருந்து வரும்? நாற்பது கட்டிலுக்கு அடியிலும் அவள் ஒருத்தியே ஃபினாயில் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே மனோரஞ்சிதத்தின் கட்டிலுக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு மூக்கு இல்லையா என்ன? ஒன்றும் சொல்லவில்லை. துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி ஊசிப்போன கருவாட்டைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றியதோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தாள். முடியவில்லை. அது எங்கேயும் போகவில்லை. தொட்டதற்கெல்லாம் மூன்று தரம் கையைக் கழுவுகிற ஒரு பொம்பளையாய் இந்த வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. மணி பதினொன்று நாற்பது.

"யம்மா, உங்க ஐயா ஆபீஸ்லதான் கேக்கணும்" என்றாள் பூங்காவனம். கடைசி மீனுக்கு வந்திருந்தாள். "மூளைக் காய்ச்சலுக்கு ஊசி போடறாங்கன்னு நர்ஸம்மா வந்து புள்ளைங்க பேரெல்லாம் எழுதிக்கினு போச்சி. நேத்து வந்து, உங்க ஊருக்கு இல்ல போலருக்குது, பக்கத்து ஊருக்குத்தான்னு சொல்லுது. நாங்க என்னாத்த பாவம் பண்ணோம்? ஏரி ஒண்ணுதானே? இந்தக் கரையில கடிக்கிற கொசு அந்தக் கரையில கடிக்காதா?" "எனக்கென்ன தெரியும்." "போன கார்த்திகையில எங்க தெருவுல ஒரு புள்ளைக்கு மூணு நாள் காய்ச்ச. ஓடியாடிக்கினு இருந்த புள்ள. இப்ப ஆத்தாக்காரி அவன் வாயத் தொடைச்சிக்கினே உக்காந்திருக்கா. பள்ளிக்கூடத்துக்கு எதிர்லதான் வூடு. எம் பொண்ணு ஒண்ணாங் கிளாஸு, தெனம் அந்தப் புள்ளைக்கு டாட்டா காட்டிட்டுத்தான் போவுது. அவன் காட்டறதில்ல." பூங்காவனத்தின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, குடலை உருவி எறிந்துகொண்டேதான் சொன்னாள். "உங்க ஐயா நல்ல மாதிரி. எங்க மாட்டுக்கொட்டாயில குந்திக்கினு கொசு உறிஞ்சுவாரு. எம் பொண்ணு கிட்டக்க நின்னுக்கினு, தாத்தா எனக்கு ஒண்ணு குடுன்னு கேக்கும். அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்." ஒரு வார்த்தை. மனோரஞ்சிதத்துக்கு வாய்க்குள் எச்சில் ஊறி ஊறி வந்தது. வாந்திக்கு முன்னால் ஊறுகிற எச்சில். யார் மேல் இந்த அருவருப்பு? மீன் மேலா, இவள் இடுப்பில் இருக்கிற இலைப்பொட்டலத்தின் மேலா, கொசுவை உறிஞ்சுகிற வாய் மேலா? எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய்ப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். ஒவ்வொன்றும் தன்னால் ஆன வேலையைச் செய்துகொண்டிருந்தது. கெளுத்திகூட. ஒரு வேலையும் செய்யாமல் சுத்தமாய் நின்றது அவள் ஒருத்திதான். உள்ளே போனாள். போனை எடுத்தாள். வைத்தாள். எடுத்துக்கொண்டு கொல்லைக்கே திரும்பி வந்தாள். ஏன் அங்கே வந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"சொல்லு மனோ, சீக்கிரம். எல்லாரும் உக்காந்தாச்சு." "அந்தப் பெட்டி." "எந்தப் பெட்டி?" "கொசுப் பெட்டி. வடக்கேரி. ஃப்ரீசர்ல வச்சீங்களே. அதை வெளியில எடுத்து வச்சேன், அந்தச் சனிக்கிழமை." "எவ்வளவு நேரம்?" என்றார். "பத்தரையிலேர்ந்து மூணே கால்." "நிழல்லயா?" "வெயில்ல. கல்லு மேல." இப்போது கத்துவார், இருபத்தெட்டு வருஷத்துக்கும் சேர்த்து இப்போது கத்திவிடுவார், கத்தட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். "சரி" என்றார். "என்ன சரி?" "வச்சிடு. நான் பார்த்துக்கறேன்." ஆனால் அவர் வைக்கவில்லை, மேஜை மேல் போட்டுவிட்டார் போலிருக்கிறது, நாற்காலி இழுபடுகிற சத்தம், அப்புறம் அவருடைய அந்தத் தணிந்த, எவரையும் தொந்தரவு பண்ணாத குரல்: "சார், வடக்கேரி கொசு ரிசல்ட்டை நம்ப முடியாது சார். ஃப்ரீசர் ரிப்பேரா இருந்ததால மாதிரியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். சனிக்கிழமை வீட்ல அஞ்சு மணி நேரம் கரண்ட் இல்ல சார். நான் கவனிக்கல. என் தப்புதான்." கரண்ட் இல்லையாம். எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார்! ஒரு ஈரத்துணியால் துடைக்கிற மாதிரி அவளை அந்தச் சனிக்கிழமையிலிருந்து துடைத்து எடுத்துவிட்டார், ஒரு கறை இல்லாமல். இனி அவள் உள்ளே போய்க் குழம்பு வைக்கலாம். காலையிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் இந்த ஒன்றின் கால் தூசுக்கு வராது. "கரண்ட் இருந்தது!" என்று போனுக்குள் கத்தினாள். "சார்! யார் அங்க? கரண்ட் இருந்தது!" பூங்காவனத்தின் அரிவாள்மணை நின்றது. அந்தப் பக்கம் ஒரு கனத்த குரல், "யாருய்யா அது?" என்றது. "என் வீட்ல சார். அவங்க ஏதோ..." யாரோ போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். "நான்தான் எடுத்து வெயில்ல வச்சேன்" என்றாள் மனோரஞ்சிதம். "அவர் தொடாதேன்னு சொல்லிட்டுத்தான் போனார். ஃப்ரிட்ஜைத் துடைக்கணும்னு எடுத்தேன். அருவருப்பா இருந்தது, அதனால வெளியில வச்சேன். வச்சதை மறைச்சேன்." டைரக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாருங்கம்மா. அதுல வைரஸ் இருந்ததுன்னு நமக்குத் தெரியாது. இல்லாமலேயும் இருந்திருக்கலாம். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்க வேண்டாம்." எத்தனை கதவுதான் திறந்து விடுவார்கள், ஒருத்தி தப்பிப் போக! "இல்லைன்னு மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "தெரியாம எப்படி அந்த ஊர்ப் பேரை அடிப்பீங்க?"

காகிதம் புரள்கிற சத்தம். யாரோ என்னவோ சொல்ல, யாரோ சிரிக்க, சிரிப்பு பாதியில் நின்றது. "தெய்வசிகாமணி, திரும்ப எப்போ பிடிக்க முடியும்?" "இன்னிக்குச் சாயங்காலமே சார்." "அது வர வரைக்கும் பேர் இருக்கட்டும். கொக்கு ரிசல்ட்டை மட்டும் வச்சு எழுதுங்க. உங்களுக்கு மெமோ வரும், தெரியுமில்ல?" "தெரியும் சார்." அதற்குப் பிறகு யாரோ போனைக் கவனித்து அணைத்துவிட்டார்கள். மனோரஞ்சிதம் கையில் அதைப் பிடித்தபடியே நின்றாள். துவைக்கிற கல்லின் ஓரத்தில், வழவழப்பு, குடல், சாம்பல், எதையும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். புடவையில் ஈரம் ஏறியது. பூங்காவனம் ஆய்ந்த மீனைச் சட்டியில் போடாமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எங்க ஊருக்கு ஊசி உண்டா?" "பேர் இருக்கு." "இல்லாமப் போவ இருந்ததா?" "ஆமா." "உன்னாலயா?" "ஆமா." பூங்காவனம் கடைசிக் கெளுத்தியைக் கல்லில் போட்டாள். கையைத் துடைக்கவில்லை. திட்டப் போகிறாளா எழுந்து போகப் போகிறாளா என்று தெரியாத ஒரு குரலில் கேட்டாள்: "கொசுவு என்னாம்மா பண்ணிச்சி உன்ன? எதுக்கு எடுத்து வெளிய வச்ச?" "நாறும்னு நெனச்சேன்." "நாறிச்சா?" மூடியைத் திறந்தபோது முகத்தில் அடித்த வெந்நீராவியை மனோரஞ்சிதம் ஒரு முறை நினைத்துப் பார்த்தாள். "இல்லை" என்றாள். "ஒரு வாசனையும் இல்லை."